பாத்திரமேற்பு விளையாட்டுகளில் கற்பனை இனங்கள்

பாத்திரமேற்பு விளையாட்டுகளில் கற்பனை இனங்கள் என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து பேச்சாலும் பகடையாலும் ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் மனிதரோடு சேர்ந்து இடம்பெறும் மனிதரல்லாத பாத்திர வகைகளைக் குறிக்கும். எல்ஃப், குள்ளர், ஓர்க் முதலியன மேலைநாட்டு விளையாட்டுகளில் பரவலாகக் காணப்படும் இனங்கள் ஆகும். ஆட்டம் நிகழும் உலகம் முழுவதும் கற்பனையாக இருக்குமாயின் இவ்வினங்களைச் சேர்ப்பதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. உண்மையான ஒரு நாட்டையும் காலத்தையும் தழுவி அவ்வுலகம் அமைக்கப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. இக்கட்டுரை அச்சிக்கலையும், பழந்தமிழ் நூல்கள் அதனைக் கையாண்ட முறையையும், தொண்டை நாட்டின் ஒரு பகுதியாகிய இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

விளையாட்டில் இனம்

இவ்வகை விளையாட்டுகளில் ஒருவர் ஆட்டநடத்துநராக இருந்து களத்தையும் நிகழ்ச்சிகளையும் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்பதைச் சொல்வர். வெற்றி தோல்வி ஐயத்துக்கு இடமாக உள்ள செயல்களைப் பகடை முடிவு செய்யும். 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையில் முதலாவதாக அச்சில் வந்த விளையாட்டாகக் கருதப்படுகிறது.

அதன் முதற்பதிப்பிலேயே மனிதரோடு எல்ஃப், குள்ளர், ஹாபிட் ஆகிய இனங்கள் இருந்தன. இவை பெரும்பாலும் ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் நாவல்களின் தாக்கத்தால் வந்தவை. ஹாபிட் என்ற பெயருக்கு உரிமைச் சிக்கல் எழுந்ததால் பின்னர் அது ஹாஃப்லிங் என்று மாற்றப்பட்டது. பாத்திரத்தின் இனம் என்பது அவ்விளையாட்டில் வெறும் அடையாளம் அன்று. இன்ன இனத்தார்க்கு இருளில் கண் தெரியும், இன்ன இனத்தார்க்கு உடல் வலிமை கூடுதல் என்பதுபோல எண்களாலும் விதிகளாலும் அது வரையறுக்கப்பட்டது. ஓர் இனத்தின் குணத்தையும் விதியாகவே எழுதிவிடும் பழக்கம் இங்கிருந்து தொடங்கியது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பின்னர் எழுந்த வழக்குகளுக்கு இதுவே வேர்.

வரலாற்றுக் களத்தில் சேர்க்கும் முறைகள்

வரலாற்றுச் சாயல் கொண்ட களங்களில் கற்பனை இனங்களைச் சேர்க்கப் பல முறைகள் கையாளப்பட்டுள்ளன.

1987ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்ஸ் மேஜிகா என்னும் விளையாட்டு இடைக்கால ஐரோப்பாவைக் களமாகக் கொண்டது. அக்கால மக்கள் உண்மையென நம்பியவை அனைத்தும் உண்மையாகவே இருந்தன என்பது அதன் அடிப்படை. ஆகவே வனதேவதைகளும் பேய்களும் அங்கு உண்டு. ஆயினும் அவை மக்களின் நம்பிக்கையில் எந்த இடத்தில் இருந்தனவோ அந்த இடத்திலேயே இருக்கும். காட்டு எல்லையிலும் பாழடைந்த கட்டடத்திலும் அவை எதிர்ப்படும்; சந்தையில் கடை வைத்திருக்கமாட்டா.

1992ஆம் ஆண்டின் அல்-காதிம் இதற்கு நேர்மாறானது. அரபுக் கதை மரபைத் தழுவிய அக்களத்தில் எல்ஃப்களும் குள்ளர்களும் ஓர்க்குகளும் மனிதரோடு ஒரே நகரத்தில், ஒரே வழக்கங்களுக்கு உட்பட்டு வாழ்கின்றனர். உருவம் வேறாயினும் பண்பாடு ஒன்றே.

மூன்றாவது, ஒரு நாட்டின் தொன்மத்திலிருந்து ஓர் உயிரைப் பெயரோடு எடுத்து, முன்னமே உள்ள விதி அச்சில் வார்த்துவிடும் முறை. 1985இல் வெளிவந்த ஓரியண்டல் அட்வென்சர்ஸ் நூலில், ஜப்பானின் ஐனு மக்களது கதைகளில் வரும் சிற்றுருவ மாந்தர் ஏறத்தாழக் குள்ளர் இனத்தின் கீழைநாட்டு வடிவமாக மாறினர். இந்தியாவிலிருந்து சென்ற நாகமும் இராட்சதரும் இதே வழியிற் சென்றவர்களே. 1977ஆம் ஆண்டின் மான்ஸ்டர் மேனுவல் நூலில் இவ்விரண்டும் உள்ளன. அந்நூலின் இராட்சதர் புலித்தலையும் செல்வர் உடையும் கொண்டவர். இவ்வடிவம் இராமாயணத்திலிருந்து நேரடியாக வரவில்லை. 1974இல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் திகில் தொலைக்காட்சித் தொடரின் நிகழ்ச்சியே அதற்குத் தூண்டுதலாக இருந்தது. இராவணனின் நாட்டுக்கும் அப்புலித்தலைக்கும் இடையில் உள்ள தொலைவு, இம்மூன்றாம் முறையின் குறையை நன்கு காட்டுகிறது. பெயர் வந்து சேர்ந்தது. அப்பெயருக்கு உரியோர் மனிதரோடு கொண்டிருந்த உறவு வந்து சேரவில்லை.

தமிழ் மரபில் மனிதரல்லா இனங்கள்

தமிழில் மனிதரல்லாதோரை வகைப்படுத்தும் வழக்கம் பழமையானது. பதினெண்கணம் என்ற தொகுப்பில் அசுரர், கருடர், கின்னரர், கந்தருவர், இயக்கர், விஞ்சையர், பூதர், பைசாசர், உரகர் முதலிய பதினெட்டு வகையினர் கூறப்படுகின்றனர். இப்பட்டியல் நூலுக்கு நூல் சிறிது வேறுபடும். ஒரு விளையாட்டு நூலின் இனப்பட்டியலைப் போலவே இது தோன்றினும், காப்பியங்களில் இவர்கள் வரும் முறை பட்டியலைப்போல் சீரானதன்று.

கூர்ந்து நோக்கினால் மூன்று வேறு நிலைகளைக் காணலாம். நாகர் பிறப்பால் நாகர். அவர்களுக்கு நாடும் அரசனும் மொழியும் உண்டு. பேய் என்பது பெரும்பாலும் பிறப்பன்று. மனிதராக இருந்தவர் அடையும் நிலை. பூதமோ ஒரு பணியில் அமர்த்தப்பட்டது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் பூத சதுக்கத்தில் இருக்கும் பூதம், பொய்த்தவ வேடத்தார், பொய்ச்சான்று கூறுவோர், பிறன்மனை விழைவோர் முதலியோரைத் தன் பாசக் கயிற்றால் கட்டி அடித்துண்ணும் என்று கூறப்படுகிறது. இது நகர்க் காவலின் ஒரு பகுதி. நீதிமன்றத்தையும் தண்டனையையும் ஒன்றாக்கிய ஒரு பதவி என்றே கூறலாம். இம்மூன்று நிலைகளையும் இனம் என்ற ஒரே சொல்லில் அடக்கி, மூன்றுக்கும் ஒரே வகை விதி எழுதினால் மூன்றும் கெடும்.

தொண்டை நாடு

வடக்கே வேங்கடமும் தெற்கே தென்பெண்ணையாறும் எல்லைகளாகச் சொல்லப்படும் தொண்டை நாட்டின் வடகிழக்குப் பகுதியே இன்றைய திருவள்ளூர் மாவட்டம். கொற்றலையாறும் ஆரணியாறும் இதனூடே பாய்ந்து கடலை அடைகின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரியும், வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியும், மேற்கே திருவாலங்காடும் திருத்தணியும் உள்ளன. கும்மிடிப்பூண்டி இன்று சிப்காட் தொழிற்பேட்டையாலேயே பெரிதும் அறியப்படுகிறது. எனினும் மாவட்டத்துக்குள் ஒருநாட் பயண எல்லையில், கீழே கூறப்படும் கதைகளின் களங்களும், கல்வெட்டு, செப்பேட்டுச் சான்றுகள் கிடைத்த ஊர்களும் அடங்கிவிடுகின்றன. கதையின் ஊரும் சாசனத்தின் ஊரும் ஒன்றாகவே அமைவது இப்பகுதியின் சிறப்பு.

நாகர்

தொண்டை நாட்டின் அரச மரபே ஒரு நாககன்னியிடமிருந்து தொடங்குவதாக மரபு கூறுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். இதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகலோகம் சென்று நாககன்னியை மணந்த கதையைக் கூறுகிறார். பிறக்கும் பிள்ளைக்கு அடையாளமாகத் தொண்டைக் கொடியைக் கட்டிக் கடலில் விடுமாறு சோழன் சொல்லிச் செல்கிறான். திரை கொண்டுவந்து சேர்த்தமையால் அப்பிள்ளை திரையன் ஆயினான். தொண்டைக் கொடியால் தொண்டைமான் ஆயினான். அவன் ஆண்ட நாடு தொண்டை நாடு ஆயிற்று.

மணிமேகலையில் இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு கதை வேறு முடிவோடு வருகிறது. நாகநாட்டரசன் வளைவணனின் மகள் பீலிவளை, புகார்க் கடற்கரையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியைக் கண்டு அவனோடு ஒரு திங்கள் வாழ்ந்து, சொல்லாமலே நீங்குகிறாள். பின்னர்ப் பிறந்த மகனை மணிபல்லவத்தில் கம்பளச்செட்டி என்னும் வணிகனின் கலத்தில் ஏற்றி அனுப்ப, கலம் உடைந்து குழந்தை காணாமற் போகிறது. மகனை இழந்த துயரில் அரசன் இந்திர விழாவை மறக்கிறான். அதன் விளைவாகப் புகார் நகரைக் கடல் கொள்கிறது. இக்குழந்தையே தொண்டைமான் என்று காப்பியம் கூறவில்லை. இரு கதைகளையும் இணைத்துக் கூறுவது பிற்கால வழக்கு.

பல்லவர் சாசனங்களிலும் இதே சாயல் உண்டு. மூன்றாம் நந்திவர்மனின் வேலூர்பாளையம் செப்பேடு, பல்லவ முன்னோருள் ஒருவனான வீரகூர்ச்சன் நாக அரசனின் மகளை மணந்ததோடு அரசச் சின்னங்களையும் பெற்றான் என்கிறது. ஆக, காஞ்சியை ஆண்டோர் தம் அரசுரிமைக்கு வேண்டிய ஓர் உறவாகவே நாகரைக் கொண்டனர். இத்தகைய களத்தில் நாகர் காட்டில் ஒளிந்திருந்து தாக்கும் பாம்பு உடலினராக மட்டும் வருவாராயின், அரண்மனையில் யாருடைய தாய்வழி என்ற கேள்வி எழவே எழாது. அக்கேள்வியே அக்களத்தின் அரசியலாகும்.

மணிமேகலையின் மற்றொரு பகுதி ஆட்டநடத்துநர்க்கு இன்னும் பயன்படக் கூடியது. ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து நக்கசாரணர் எனப்படும் நாகர் வாழும் மலையின் கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் ஆடையற்றவர், மனிதரைத் தின்போர். உறங்குகின்ற அவனைச் சூழ்ந்துகொண்டபோது, அவன் அவர்களுடைய மொழியிலேயே பேசிவிடுகிறான். அதனால் அவனைக் கொல்லாமல் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் பெண்ணும் தருமாறு சொல்ல, சாதுவன் மறுக்கிறான். ஏன் மறுக்கிறாய் என்று தலைவன் கேட்க, மறுபிறப்பு உண்டா, உயிர் என்பது யாது என்று உரையாடல் நீள்கிறது. முடிவில் கலம் உடைந்து வருவோரைக் கொல்வதில்லை என்று தலைவன் உடன்பட்டு, பொருள்களும் கொடுத்து அனுப்புகிறான். ஒரு வாளும் உருவப்படவில்லை. தெரிந்திருந்த ஒரு மொழி உயிரைக் காத்தது. இதில் பௌத்த அறத்தைப் பரப்பும் நோக்கம் வெளிப்படையாக உள்ளது. நாகர் திருத்தப்பட வேண்டியோராகவே காட்டப்படுகின்றனர் என்ற குறையும் உண்டு. ஆயினும் அவர்கள் காரணம் கேட்கின்றனர், எதிர்வாதம் செய்கின்றனர், உடன்படுகின்றனர். அரக்கர் கூட்டம் என்று எண்ணிக்கையாக மட்டும் அவர்கள் வரவில்லை.

பழையனூர் நீலி

திருவாலங்காட்டை அடுத்த பழையனூர், தமிழ்நாட்டின் மிகப் புகழ்பெற்ற பேய்க்கதைகளுள் ஒன்றின் களம். பொய்யாக அழுவதை நீலிக்கண்ணீர் என்று இன்றும் வழங்குவது இக்கதையால் வந்தது.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பொதுவான சுருக்கம் இது: கணவனால் வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பெண் பேயாகிறாள். அவன் மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்து பழையனூர் வழியே வருகிறான். அவனிடம் மந்திர வலிமை கொண்ட ஒரு கத்தி இருப்பதால் அவளால் நெருங்க இயலவில்லை. ஆகவே கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் தன் கணவன் என்றும் தன்னைக் கைவிட்டான் என்றும் ஊர் வேளாளர் அவையில் முறையிடுகிறாள். குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. வணிகன், இவள் பேய், என்னைக் கொல்ல வந்தவள் என்கிறான். அவையினர் நம்பவில்லை. உன் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் எழுபதின்மர் உயிரையும் தருவோம் என்று உறுதி கூறி, கத்தியையும் வாங்கிக்கொண்டு இருவரையும் ஒரே இடத்தில் தங்கச் செய்கின்றனர். விடிந்தபோது வணிகன் இறந்து கிடக்கிறான். சொன்ன சொல்லைக் காக்க எழுபது வேளாளரும் தீப்பாய்ந்து இறக்கின்றனர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு இருப்பதால் இது ஏழாம் நூற்றாண்டுக்கு முன்னரே வழங்கியது தெளிவு.

இப்பழையனூர் கதையில் மட்டும் இருக்கும் ஊர் அன்று. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018ஆம் ஆண்டளவில், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்தான். அக்கொடையைப் பதிவு செய்யும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் வடமொழிப் பகுதி சோழர் குலத்தைச் சூரியனிலிருந்தும் மனுவிலிருந்தும் தொடங்குகிறது. தமிழ்ப் பகுதியோ ஊரின் எல்லைகளைப் படிப்படியாக வரையறுக்கிறது. சூரியனில் பிறந்த அரசனும் அளந்து எல்லையிட்ட நிலமும் ஒரே ஆவணத்தில் இருப்பது அக்காலத்தார்க்கு முரணாகத் தோன்றவில்லை. வரலாற்றுக் களத்தில் கற்பனையைச் சேர்க்க விரும்புவோர், நிலத்தின் எல்லைகளையும் வரிகளையும் அவைகளையும் சாசனத்திலிருந்தும், அவற்றில் நடமாடுவோரைக் கதையிலிருந்தும் எடுக்கலாம். பழையனூருக்கு இரண்டும் கிடைக்கின்றன.

நீலிக் கதையில் பேய்க்கு மனிதரைவிட உடல் வலிமை கூடுதல் என்பது ஒரு பொருட்டே அன்று. ஒரு கத்தி அவளைத் தடுத்துவிடுகிறது. அவளுக்கு வேண்டியிருந்தது அவையின் தீர்ப்பு. பெண் சொல்வதை நம்பி நீதி வழங்கவேண்டும் என்ற அவையினரின் நல்லெண்ணமும், கொடுத்த வாக்கை மீறாத அவர்களின் குணமுமே அவளுடைய படைக்கலங்கள். மேலும் அவள் வழக்கில் உண்மையும் உண்டு: முற்பிறப்பில் அவன் கொலைகாரனே. எதிரே இருப்பவள் பேய் என்பதும் அவளுக்கு அநீதி நேர்ந்தது என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கும் இந்நிலையைப் பகடையால் முடிவு செய்ய இயலாது. விளையாடுவோரே அவையில் அமர்ந்து தீர்ப்புக் கூறவேண்டும்.

இவளைச் சமணரும் விட்டுவைக்கவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், பழையனூர் நீலி முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்த முயன்று தோற்று, அவருக்கே மாணவியாகிறாள். பின்னர் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோரோடு வாதிட்டு வெல்கிறாள். கொலை செய்த பேயைத் தருக்க நூலின் தலைவியாக்கிய துணிவு வியக்கத்தக்கது. ஓர் இனத்தாரின் குணம் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்ற விதியைத் தமிழ்நூல் ஒன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏற்க மறுத்தது என்று கொள்ளலாம்.

பேய்களின் சமூகம்

திருவாலங்காடு காரைக்கால் அம்மையாரோடும் தொடர்புடையது. வணிகர் குலத்துப் புனிதவதியார், கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி நீங்கியபின், அழகிய உடலைக் களைந்து பேய் வடிவம் வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. தம் பாடல்களில் தம்மைக் காரைக்காற் பேய் என்றே குறிப்பிடுகிறார். இவர் நாயன்மாருள் ஒருவராக வணங்கப்படுபவர் ஆதலின் விளையாட்டுப் பாத்திரமாக்குவது பொருந்தாது. ஆனால் பேய்மை என்பது சாபமாக மட்டுமன்றி விரும்பி ஏற்கும் நிலையாகவும் இருக்கக்கூடும் என்ற கருத்து இங்கு உள்ளது. இதே எச்சரிக்கை நாகருக்கும் பொருந்தும்; திருவேற்காடு முதலிய பல ஊர்களில் புற்று இன்றும் வழிபாட்டுக்குரியது.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரைப் பாடுகிறது. போரோ வரலாறு, அதனைக் காளிக்கு எடுத்துரைப்பதும், போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்பதும் பேய்கள். கூழ் வார்க்கும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று தனித்தனியே அழைத்து வார்க்கப்படுகிறது. மனிதரிடையே உள்ள அத்தனை வேற்றுமைகளும் பேய்களிடையேயும் உள்ளன. நகைச்சுவைக்காக எழுதப்பட்டதாயினும், ஓர் இனத்தார் அனைவரும் ஒரே மாதிரியானவர் என்ற பொதுமையாக்கம் இதில் இல்லை.

கற்பனை இனமும் உண்மை மக்களும்

வரலாற்றுக் களத்தில் ஒரு கற்பனை இனத்தை வைத்தவுடன், அது உண்மையில் யாரைக் குறிக்கிறது என்ற கேள்வி எழும். தமிழகத்தில் இக்கேள்வி விளையாட்டுகளுக்கு வெகு முன்பே எழுந்துவிட்டது. வி. கனகசபைப் பிள்ளை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம் பற்றிய நூலில், நாகரை வரலாற்றில் வாழ்ந்த ஒரு மக்களினமாகவே கொண்டு எழுதினார். திராவிட இயக்கத்தார் இராமாயணத்தின் அரக்கரும் வானரரும் தென்னாட்டு மக்களை இழித்துக் காட்டும் உருவகங்கள் என்று வாதிட்டனர். புலவர் குழந்தை இராவணனைத் தலைவனாகக் கொண்டு 1946இல் இயற்றிய இராவண காவியம் 1948இல் அரசால் தடைசெய்யப்பட்டது. 1971இல்தான் தடை நீக்கப்பட்டது. அரக்கர் யார் என்ற கேள்விக்காக ஒரு நூல் 23 ஆண்டுகள் தடையில் இருந்த நாட்டில், அரக்கர் இனத்துக்கு அறிவு குறைவு என்று ஒரு விதி எழுதுவது வெறும் விதி எழுதுவதாக அமையாது.

திருவள்ளூர்ப் பகுதியில் இது இன்னும் கூர்மையாகிறது. பாம்பு பிடிப்பதை மரபுத் தொழில்களுள் ஒன்றாகக் கொண்ட இருளர் பழங்குடியினர் இம்மாவட்டத்திலும் வாழ்கின்றனர். அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டோருள் இவர்கள் பலர். மறுபுறம், 1978இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சு, பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. இத்தகைய களத்தில், காட்டில் வாழ்ந்து பாம்போடு பழகும் ஒரு நாகர் இனத்தை அமைத்து, அதனை நாகரிகமற்ற கூட்டம் என்று எழுதினால், படிப்போர்க்கு யார் நினைவுக்கு வருவர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பழைய மரபின் நாகர் அரசகுலத்தார், கடல் கடந்த நாட்டினர், மணவினையால் உறவினர் என்பதை விடாமற் பற்றிக்கொண்டால் இத்தவறு பெரிதும் நேராது.

இதே காரணத்தால் உண்மை மக்களின் இடத்தில் கற்பனை இனத்தை வைத்து நிரப்புவதும் கூடாது. பழவேற்காட்டைக் களமாகக் கொள்வோர்க்கு இது முதலில் எழும் ஆசை. டச்சுக்காரர் 1613இல் அங்குக் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். துணி வணிகத்தோடு, பதினேழாம் நூற்றாண்டில் அடிமைகளாக விற்கப்பட்ட மக்களும் அத்துறைமுகத்தின் வழியே பத்தாவியாவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். இவ்வடிமைகளை ஒரு கற்பனை இனமாக மாற்றிவிட்டால், வரலாறு மறைந்து விளையாட்டு மட்டும் எஞ்சும். மேலும் நீலியின் காலத்துக்கும் கெல்திரியாவின் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. ஒரு நூற்றாண்டைத் தேர்ந்துகொண்டு அதற்குள் நிற்பது நலம்.

மேலைநாட்டு விளையாட்டுகளும் இவ்வழக்கைத் தவிர்க்க இயலவில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூலை வெளியிடும் நிறுவனம் 2020ஆம் ஆண்டு முதல், இனத்தைக் கொண்டே உடல் அறிவு எண்களை முடிவு செய்யும் விதியைத் தளர்த்தியது. இனம் என்ற சொல்லைக் கைவிடுவதாக 2022இல் அறிவித்து, 2024இன் ஆட்டக்காரர் கையேட்டில் உயிரினவகை என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்தியது. சொல்லை மாற்றுவதால் மட்டும் உறவு மாறிவிடுமா என்பது ஐயத்துக்குரியதே. பதினெண்கணம் என்ற சொல் எந்தச் சண்டையையும் தவிர்த்ததாகத் தெரியவில்லை.

அத்திரம்பாக்கம்

கற்பனை இனங்களைப் பற்றிய கட்டுரையில் இதனையும் கூறாமல் விடலாகாது. திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அண்மையில், கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் உள்ளது. (இப்பூண்டி வேறு, கும்மிடிப்பூண்டி வேறு.) இராபர்ட் புரூசு ஃபூட் 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டறிந்த சில மாதங்களில் இங்கும் கற்கருவிகள் கண்டறியப்பட்டன. சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் இங்கு நடத்திய அகழாய்வில், கைக்கோடரி முதலிய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குத் தொடங்கிவிட்டன என்று 2018இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இன்றைய மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியதற்குச் சான்றாகும் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. எனவே அத்திரம்பாக்கத்தின் பழைய கைக்கோடரிகளைச் செதுக்கியோர் நம்மினத்தார் அல்லர். குவார்ட்சைட் கல்லை எங்கே எடுப்பது, எந்தக் கோணத்தில் தட்டுவது என்பதை அறிந்து, அடுத்த தலைமுறைக்கும் கற்றுக்கொடுத்த வேறொரு மாந்த இனத்தார் கொற்றலையாற்றங்கரையில் பல இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்தனர். அவர்களின் கருவிகளைப் பூண்டியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் காணலாம். அத்திரம்பாக்க அகழாய்வில் விலங்குப் பற்களும் குளம்புத் தடங்களும் கிடைத்துள்ளன. கருவி செய்தோரின் எலும்பு ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை.